பூனையின் முகம் துடித்தால் முதலில் எதைக் கேட்பது?

பர்மாவின் பெயரைச் சொல்லி உலகமெங்கும் விலைபோகிற பூனை இனங்கள் இரண்டு. ஒன்று பர்மீஸ். 1930இல் ஜோசப் தாம்சன் என்ற டாக்டர், வொங் மாவ் என்ற பழுப்பு நிறப் பெட்டைப் பூனையை இந்த நாட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். அதைச் சியாமீஸ் கடுவனோடு சேர்த்துப் பெருக்கியதில் வந்தது அந்த இனம். மற்றது பிர்மன். பர்மா மடாலயத்துப் புனிதப் பூனை என்று அதற்கு அழகான கதையெல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது இனமாக உருவெடுத்தது பிரான்சில், 1920களில். இந்த இரண்டு இனத்துக்கும் ஆளுக்கொரு விசித்திரமான நரம்புக் கோளாறு உண்டு. பர்மீஸுக்கு முகமும் வாயும் வலித்துத் துடிக்கும். பிர்மனுக்கு வயதான காலத்தில் ஒரு ஸ்பூன் சத்தம் கேட்டாலே முகம் வெட்டும்.

யாங்கோனில் நம் வீட்டு மாடிப்படியிலும், தெய்ஞ்ஜி சந்தை மளிகைக் கடைகளின் பருப்பு மூட்டை மேலும் படுத்திருப்பவை இந்த இரண்டு இனமும் இல்லை. வால் நுனி மடங்கிய நாட்டுப் பூனைகள். அவற்றுக்கு ஒருநாள் முகம் துடித்தால் வீட்டில் இரண்டு வகைப் பேச்சு கிளம்பும். பெரியவர்கள் "ஏதோ பார்த்துப் பயந்திருக்கு, விபூதி போடு" என்பார்கள். இளையவர்கள் போனைத் திறந்து, வலிப்பு, மூளைக்கட்டி, மூளைக்காய்ச்சல் என்று படித்துவிட்டு இரவெல்லாம் தூங்க மாட்டார்கள். இரண்டு தரப்புமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது: நேற்றிலிருந்து இந்தப் பூனையின் உடம்பில் என்ன பட்டது, வாயில் என்ன போனது? நம் ஊரில் திடீரென்று ஒரு பூனையின் முகம் துடிக்கத் தொடங்கினால், நான் முதலில் சந்தேகப்படுவது மூளையை அல்ல, அலமாரியில் இருக்கிற மருந்துப் பாட்டிலை.

பூனையின் முகத்தை இரண்டு நரம்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவதும் மெல்லும் தசைகளை இயக்குவதும் ஐந்தாவது மூளை நரம்பு. இமை, உதடு, காது, மீசை வேர் ஆகியவற்றை அசைப்பது ஏழாவது, அதாவது முக நரம்பு. மீசை மட்டும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 12, நான்கு வரிசையாக. ஒவ்வொரு முடியின் வேரைச் சுற்றியும் நரம்பு முனைகள் மண்டிக் கிடக்கும். மனிதருக்கு மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தால் எப்படியோ, அதைவிடப் பல மடங்கு கூச்சம் பூனைக்கு அங்கே. அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முகத்தில்தான் சீக்கிரம் தெரியும். துடிப்பு தெரிகிற இடம் முகம் என்பதால் கோளாறும் முகத்தில்தான் என்று சொல்லிவிட முடியாது. பல்லில் இருக்கலாம், காதுக்குள் இருக்கலாம், ரத்தத்தில் இருக்கலாம், மூளையிலும் இருக்கலாம்.

சில துடிப்புகளுக்குக் கவலையே வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தில் மீசை படபடக்கும், உதடு சுருங்கும், பாதம் எதையோ துரத்தும். கனவுத் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது, அதில் கசிந்து வருகிற சிறு அசைவுகள்தான் இவை. குட்டிகளுக்கு இன்னும் அதிகம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து "என்ன?" என்று பார்த்தால் சரி, விட்டுவிடலாம். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருக்கிற புறாவைப் பார்த்துத் தாடையைக் கிடுகிடுவென்று ஆட்டிக் கீச்சுக் குரல் எழுப்புவதும் அப்படித்தான். யாங்கோன் நகர மையத்தில் புறாவுக்குப் பஞ்சமில்லை, ஆகவே இதைப் பார்க்காத வீட்டுக்காரர் இருக்க மாட்டார்.

வலிப்பா, வேறா?

அடுத்த கேள்வி, துடிக்கும்போது பூனை நம்மோடு இருக்கிறதா என்பது. வலிப்பு என்றாலே தரையில் விழுந்து நாலு காலும் இழுத்து வாயில் நுரை தள்ளுவதுதான் நம் மனதில் வரும். பூனைகளுக்கு அந்த வகையும் உண்டு, ஆனால் மூளையின் ஒரு பகுதியில் மட்டும் கிளம்புகிற வலிப்பும் நிறைய. அது ரொம்ப அடக்கமாக வரும். நன்றாக உட்கார்ந்திருந்த பூனை சட்டென்று உறைந்து நிற்கும். கண்மணி கறுப்பாக விரியும். ஒரு பக்க உதடு மேலே மேலே இழுக்கும், அந்தப் பக்கத்து இமையும் காதும் சேர்ந்து ஒரே தாளத்தில் வெட்டும். எச்சில் தாடையிலிருந்து நூலாக வடியும். வாயில் ஒன்றுமே இல்லாமல் மெல்லும், விழுங்கும். விரலை ஆட்டினாலும் பெயர் சொன்னாலும் பார்க்காது. அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து தட்டை நோக்கிப் போகும், அல்லது சுவரோரமாக அலையும், அல்லது கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்ளும்.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோகிற நேரத்தில் பெரும்பாலும் துடிப்பு நின்றிருக்கும். கூடையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தால் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அதனால் இந்த நோய்களில் போனில் எடுத்த வீடியோவைப் போல உதவுகிற கருவி இல்லை. ஒரு நிமிடம் போதும். முகம் மட்டும் இல்லாமல் முழு உடம்பும் தெரியும்படி எடுத்து, நடுவில் பூனையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அது திரும்புகிறதா இல்லையா என்பதும் அந்த ஒலியோடு பதிவாகிவிடும். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கையோடு குறித்து வையுங்கள். ரத்தப் பரிசோதனை சொல்லாததைக்கூட இந்தக் குறிப்பு சொல்லும்.

அலமாரியில் இருக்கிற பாட்டில்

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் சின்ன நாய் ஒன்றும் பூனை ஒன்றும் உண்டு. ஒரு சாயங்காலம் கதவைத் தட்டினார். பூனையின் காது மடல் நிற்காமல் சொடுக்கிக்கொண்டிருந்தது. கன்னத்துத் தோல் அலையலையாக ஓடியது. முன்னங்காலைத் தண்ணீரில் மிதித்துவிட்ட மாதிரி உதறி உதறி நடந்தது. ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது.

"அக்கா, இதுக்கு ஏதாச்சும் மருந்து போட்டீங்களா?"

"மருந்தெல்லாம் இல்ல தம்பி. தெள்ளுக்குச் சொட்டு விடுவாங்கள்ல, நாய்க்கு வாங்கினேன். மிச்சம் கொஞ்சம் இருந்துச்சு, வீணாப் போகுதேன்னு இதுக்கும் பிடரியில விட்டேன். காலையிலதான்."

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் சிரிக்கிற நாய் படம். பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம் என்கிற அளவில், பெர்மெத்ரின் என்ற பெயரும் பூனைக்குப் போடக் கூடாது என்ற வரியும். இந்த மாதிரி டப்பாக்களில் நாய் படம் எவ்வளவு பெரிதோ, அந்த வரியும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சட்டமே போடலாம்.

பெர்மெத்ரின், சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லியைப் பார்த்து ஆலையில் செய்த ரசாயனம். நரம்பில் செய்தி ஓடுவது சோடியம் வாயில்கள் திறந்து மூடுவதால்தான். இந்த மருந்து அந்த வாயில்களை மூட விடாது. விரலை எடுத்த பிறகும் நிற்காமல் அடிக்கிற காலிங் பெல் மாதிரி, நரம்பு ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். தெள்ளுக்கும் கொசுவுக்கும் அதுதான் சாவு. நாய்க்கும் மனிதருக்கும் கல்லீரல் இதைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்கிற வழிகளில் முக்கியமான ஒன்று பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். வேட்டையாடி இறைச்சி மட்டும் தின்று வாழ்ந்த விலங்கு, செடிகளில் இருக்கிற நச்சுகளை உடைக்கிற கருவியைப் பரிணாமத்தில் கைவிட்டுவிட்டது என்பது இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் 45 சதவீதத்துக்கும் மேலே இருக்கும். சில சொட்டுகளே ஒரு பூனைக்கு ஆபத்து. பூனைக்கு விடாமல் நாய்க்கு மட்டும் விட்டாலும், இரண்டும் ஒட்டிப் படுத்தாலோ ஒன்றை ஒன்று நக்கினாலோ போதும்.

அறிகுறி சில மணி நேரத்தில் தொடங்கும், சிலவற்றில் ஒரு நாளைத் தாண்டியும் வரும். காது, முகம், பாதம் என்று ஆரம்பித்து உடம்பு முழுக்க நடுக்கம், அதற்கு மேல் வலிப்பு, காய்ச்சல் போல உடம்புச் சூடு ஏறுவது என்று போகும். முறிமருந்து கிடையாது. ஆனால் சரியான நேரத்தில் பார்த்தால் பெரும்பாலான பூனைகள் இரண்டு மூன்று நாளில் தேறிவிடும். டாக்டரிடம் புறப்படும் முன், பூனை நினைவோடு நின்றால், பாத்திரம் கழுவுகிற சோப்பு நீர் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பிடரியையும் முதுகையும் கழுவ வேண்டும். சுடுதண்ணீர் தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை இன்னும் உள்ளே இழுக்கும். பச்சைத் தண்ணீரில் உடம்பு குளிர்ந்தால் நடுக்கம் கூடும். கழுவியதும் நன்றாகத் துவட்டி, துணியில் சுற்றி, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் தசையைத் தளர்த்த மெத்தோகார்பமால் போன்ற மருந்து கொடுப்பார். அந்த அக்காவின் பூனை மூன்றாம் நாள் வந்து எங்கள் வீட்டுக் கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

இதே குடும்பத்து ரசாயனங்கள்தான் கொசு ஸ்பிரேயிலும், கரப்பானுக்குத் தரையில் கோடு போடுகிற சாக்பீஸிலும் இருப்பவை. கொசுவத்திப் புகையில் அளவு குறைவு, அதனால் முகம் துடிக்கிற அளவுக்குப் போவது அரிது. ஆனால் மருந்தில் தோய்த்த கொசுவலை காய்கிற வரை பூனையை அண்ட விடக் கூடாது. பகோ, தொங்வா பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் வேறொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பயிருக்கு அடிக்கிற ஆர்கனோபாஸ்பேட் மருந்து பட்டாலும் முகத் தசை துடிக்கும், ஆனால் கூடவே எச்சிலும் கண்ணீரும் கொட்டும், பேதியாகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். அதற்கு அட்ரோபின் என்ற முறிமருந்து உண்டு. பருப்புக் கிடங்குகளில் எலிக்கு வைக்கிற துத்தநாகப் பாஸ்பைடு வயிற்றில் போனால் நச்சுவாயு கிளம்பி வாந்தி, மூச்சிரைப்பு, வலிப்பு என்று சில மணி நேரத்தில் முடிந்துவிடும். எலி பிடிக்கப் பூனை வளர்க்கிற கிடங்கிலேயே எலி மருந்தும் வைப்பது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரிந்ததில்லை.

வாய், காது, சோற்றுத் தட்டு

மருந்து எதுவும் படவில்லை என்று உறுதியானால் அடுத்து வாயைப் பாருங்கள். பூனைகளுக்குப் பல் உள்ளிருந்தே கரைகிற நோய் ஒன்று உண்டு. ஈறோரத்தில் சின்னச் சிவப்புக் குழியாகத் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. அந்த இடத்தைத் தொட்டாலோ கடினமான உணவு பட்டாலோ தாடை கடகடவென்று ஆடும். மயக்கத்தில் இருக்கும்போது தொட்டால்கூட ஆடும் என்றால் வலியின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். பூனை சோற்றை நோக்கி ஆசையாக ஓடி, ஒரு வாய் எடுத்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறிவிட்டு விலகினால், பல்தான் முதல் சந்தேகம். தொண்டையில் குத்திய மீன்முள்ளையும் மறந்துவிட வேண்டாம்.

அப்புறம் காது. முக நரம்பு மூளையிலிருந்து கிளம்பி நடுக்காதை ஒட்டித்தான் முகத்துக்கு வருகிறது. நடுக்காதில் சீழ் பிடித்தாலோ, இளம் பூனைகளுக்கு அங்கே வளரும் சதைக்கட்டி அழுத்தினாலோ, அந்தப் பக்க முகம் முதலில் இழுத்துத் துடிக்கலாம், பிறகு தொங்கிவிடலாம். உதடு தொங்கும், இமை மூடாது, கண் வறண்டு புண்ணாகும். தலை சாய்ந்தே இருக்கும், வட்டமடித்து நடக்கும். வெளிக்காதைப் பஞ்சால் துடைத்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. கோளாறு செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது.

சோற்றுத் தட்டுக்கும் இதில் பங்குண்டு. நாம் வீட்டில் போடுவது பெரும்பாலும் சோறும் மீனும். வேகவைத்த மீன் என்றால் பிரச்சினை இல்லை. சந்தையில் மிஞ்சிய குடலையும் தலையையும் பச்சையாக நாள் கணக்கில் போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. கெண்டை இனத்து மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது உணவிலிருக்கும் வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். வேகவைத்தால் நொதி செத்துவிடும், பச்சையாகக் கொடுத்தால் சில வாரங்களில் பூனை பசி இழந்து, தள்ளாடி, கழுத்தை நெஞ்சோடு குனிந்தபடி வைத்துக்கொண்டு, கடைசியில் வலிப்பில் போய் நிற்கும். ஆரம்பத்திலேயே பி1 ஊசி போட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றம் தெரிகிற நோய் இது. மீனை ஒரு கொதி விட்டுப் போடுவது எவ்வளவு சின்ன வேலை!

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இறங்கினாலும் முகம்தான் முதலில் காட்டும். நாலைந்து குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்ப்பூனை முகத்தைத் தரையில் தேய்த்து, காதும் உதடும் வெட்டினால் அதை நினைக்க வேண்டும். இன்சுலின் போடுகிற சர்க்கரை நோய்ப் பூனைக்குச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கினாலும் இதே மாதிரி நடக்கும். கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போகிற பிறவிக் கோளாறுள்ள குட்டிகள் எச்சில் வடித்துக்கொண்டே இருக்கும், சாப்பிட்ட பின் மந்தமாகும், கண்கள் செம்பு நிறத்தில் ஜொலிக்கும். இவற்றையெல்லாம் ரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடலாம் என்பதால்தான் டாக்டர்கள் மூளைக்குப் போகும் முன் ரத்தம் எடுக்கிறார்கள்.

நம் நாட்டின் பெயரில் வந்த நோய்கள்

இனி அந்த இரண்டு இனங்கள். பிரிட்டனின் கால்நடை நரம்பியல் மருத்துவர் கிளேர் ரஸ்பிரிட்ஜும் கூட்டாளிகளும் 2010இல், வாய் முக வலி நோய் கண்ட 113 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். அதில் 100 பர்மீஸ். இது மனிதருக்கு வரும் ஐந்தாம் நரம்பு வலியைப் போன்றது. சாப்பிடும்போதோ உடம்பை நக்கும்போதோ ஆரம்பிக்கும். பூனை நாக்கை வெளியே நீட்டி நீட்டி நக்கும், மெல்லும், முன்னங்காலால் வாயை ஓங்கி ஓங்கி அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரே பக்கம். மோசமானால் தன் நாக்கையே கடித்துக் கிழித்துக்கொள்ளும், அதனால் கழுத்தில் கூம்புப் பட்டையும் பாதத்தில் துணியும் கட்ட வேண்டிவரும். சில பூனைகளுக்கு நிரந்தரப் பல் முளைக்கிற ஆறு மாத வயதிலேயே தலைகாட்டும், பல் முளைத்து முடிந்ததும் அடங்கிப் பிறகு ஈறு நோயோடு திரும்பி வரும். வீட்டில் இன்னொரு பூனையோடு ஒத்துப்போகாத மன உளைச்சல்கூட அதைத் தூண்டுவதாக அந்த ஆய்வு பார்த்தது. பூனை நினைவோடுதான் இருக்கும், அதனால் இது வலிப்பு இல்லை. ஆனாலும் பலவற்றில் வழக்கமான வலி மருந்துகளைவிட வலிப்பு மருந்துகள்தான் நன்றாக வேலை செய்கின்றன, காரணம் கோளாறு, நரம்புகள் வலியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

பர்மீஸுக்கு இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் விட்டு விட்டு இறங்கி, தலையைத் தூக்க முடியாமல் குட்டி குனிந்துகொள்ளும். டபிள்யூஎன்கே4 என்ற மரபணுவில் வரும் மாற்றம் அதற்குக் காரணம் என்று 2012இல் கண்டுபிடித்தார்கள், இப்போது மரபணுச் சோதனையே இருக்கிறது. ஒரே ஒரு பூனையிலிருந்து கிளை விட்ட இனத்தில் இப்படிக் கோளாறுகள் தங்கிப்போவதில் ஆச்சரியம் இல்லை. இன்லே ஏரியில் வெளிநாட்டிலிருந்து பர்மீஸ் பூனைகளைத் திரும்பக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார்கள். பார்க்க ஆசையாக இருக்கும், பட்டுப் போன்ற முடி. விலைக்கு வாங்க நினைப்பவர்கள் அந்தச் சோதனையைப் பற்றிக் கேட்டுவிட்டு வாங்கலாம்.

பிர்மனின் கதை வேறு. சத்தத்தால் தூண்டப்படுகிற வலிப்பைப் பற்றி மார்க் லோரி குழுவினர் பிரிட்டனிலிருந்து விரிவாக எழுதினார்கள். அவர்கள் பார்த்த 96 பூனைகளில் 30 பிர்மன். தொடங்குகிற சராசரி வயது 15. தூண்டுவது இடிச் சத்தமோ பட்டாசோ இல்லை. அலுமினியத் தாளைக் கசக்குவது, பீங்கான் கிண்ணத்தில் ஸ்பூன் படுவது, பிளாஸ்டிக் பை, சாவிக்கொத்து, கணினி விசை. அந்தச் சத்தம் கேட்டதும் முகமோ உடம்போ ஒருதரம் வெட்டும், சத்தம் தொடர்ந்தால் முழு வலிப்பாகும். பூனைகளின் காது நமக்குக் கேட்காத மிக உயர்ந்த ஒலிகளையும் பிடிக்கும் என்பதால் இந்தக் கூர்மையான கிளிக் சத்தங்கள் அவற்றைத் தாக்குவதாக நினைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அவற்றில் பலவற்றுக்கு வயதில் காது மந்தமாகியிருந்தது, அதனால் வீட்டுக்காரர்கள் சத்தத்தைச் சந்தேகப்படவே இல்லை. பிர்மனுக்கு மட்டும் வருவதில்லை, சாதாரணப் பூனைகளுக்கும் வரும். பதினைந்து வயதுக் கிழட்டுப் பூனை எவர்சில்வர் தட்டு விழும்போதெல்லாம் வெட்டினால் அது முதுமைப் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். லெவெடிரசெட்டாம் என்ற மருந்து இதற்கு நன்றாகக் கேட்கிறது.

இத்தனைக்கும் பிறகுதான் மூளை. காரணம் கண்டுபிடிக்க முடியாத வலிப்பு நோய் பூனைக்கும் உண்டு. மூளையில் கட்டி, பெரும்பாலும் மூளை உறையில் வளரும் மெனிஞ்ஜியோமா, வயதான பூனைகளுக்கு வருவது. அதை அறுவை செய்து எடுத்தால் நல்ல காலம் வாழும் பூனைகள் நிறைய. இளம் பூனைகளுக்கு எப்.ஐ.பி. என்கிற கொரோனா வைரஸ் நோய் மூளையைப் பிடிக்கலாம். சில வருடங்களுக்கு முன்வரை அது மரண தண்டனை, ஜிஎஸ்-441524 என்ற மருந்து வந்த பிறகு பல பூனைகள் பிழைக்கின்றன. சமீப காலத்தில் அதிகம் பேசப்படுவது மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் வீங்குகிற நோய். சுவிட்சர்லாந்தில் 2000இல் 38 பூனைகளை வைத்து அந்தப் பகுதி செத்துப்போவதை விவரித்தார்கள். பிறகு வியன்னாவில் அகோஸ் பகோஸ்டி குழுவினர், ஒருபக்க முகத் துடிப்பு, எச்சில், மெல்லுதல் என்று கொத்துக் கொத்தாக வலிப்பு வந்த பூனைகள் சிலவற்றின் ரத்தத்தில், தன் மூளையையே தாக்குகிற எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டார்கள். மனிதருக்கும் அதே எதிர்ப்பொருள்களால் வரும் மூளை அழற்சி உண்டு, அதிலும் முகம் வெட்டும். நாளுக்குப் பலமுறை முகம் துடித்து, திடீரென்று குணம் மாறி, வளர்த்தவரையே சீறுகிற பூனைக்கு இதை யோசிப்பார்கள். உறுதிப்படுத்த எம்.ஆர்.ஐ. வேண்டும், நம்மில் பெரும்பாலோருக்கு அது கைக்கெட்டாத செலவு. அதனால் டாக்டர் அறிகுறியை வைத்து மருந்து தொடங்கினால், சோதனை செய்யாமல் கொடுக்கிறாரே என்று கோபப்பட வேண்டியதில்லை.

குணம் மாறுவது என்றதும் ரேபிஸை, அதாவது வெறிநோயைச் சொல்லாமல் போக முடியாது. நம் நாட்டில் அது இன்னும் இருக்கிற நோய், தெருநாய் கடித்த பூனைக்கும் வரும். முகத் தசை துடிப்பு, எச்சில், குரல் மாறுவது, விழுங்க முடியாமை, இருட்டில் ஒளிவது, காரணமில்லாமல் பாய்ந்து கடிப்பது எல்லாம் அதிலும் உண்டு. தடுப்பூசி போடாத, வெளியே சுற்றுகிற பூனைக்கு இப்படி வந்தால் வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கிற வேலையே கூடாது. கடித்தாலோ பிறாண்டினாலோ, எச்சில் புண்ணில் பட்டாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வேண்டாம். பூனையை அடைத்து வைத்து 10 நாள் கவனிக்கலாம். ஆனால் ஊசியைத் தொடங்குவதற்கு அந்தப் பத்து நாளும் காத்திருக்கக் கூடாது. அறிகுறி வந்துவிட்டால் மனிதருக்கு அனேகமாகப் பிழைப்பில்லை.

வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உயரத்திலிருந்து விழாமல் தரையில் விடுங்கள், மேசை நாற்காலியை நகர்த்துங்கள், விளக்கையும் டிவியையும் அணையுங்கள். வாயில் சாவி, கரண்டி, தண்ணீர் எதுவும் திணிக்க வேண்டாம். பூனை நாக்கை விழுங்காது, உங்கள் விரலைத்தான் கடிக்கும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரு நாளைக்குள் இரண்டாவது வந்தாலோ அது அவசரம்.

மருந்தில் பூனை தனி ஜாதி. நாய்க்குக் கொடுக்கிற பொட்டாசியம் புரோமைடு பூனைக்கு நுரையீரலைக் கெடுக்கும். டயசெபாமை டாக்டர் அவசரத்துக்கு ஊசியாகவோ ஆசனவாய் வழியாகவோ கொடுப்பதுண்டு, ஆனால் மாத்திரையாகத் தினமும் கொடுத்தால் சில பூனைகளுக்குக் கல்லீரல் அழிந்து சாவு வரும். முகம் வலிக்கிறதோ என்று இரக்கப்பட்டு பாராசிட்டமால் கொடுப்பதும் கூடாது, ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும், ரத்தத்தைக் காப்பிப் பொடி நிறமாக்கி முகத்தை வீங்க வைக்கும். பூனைக்குத் தினசரி வலிப்பு மருந்து என்றால் பெரும்பாலும் பீனோபார்பிட்டால், நாளுக்கு இருமுறை. தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து டாக்டர் கூட்டுவார் குறைப்பார். முதல் வாரம் தள்ளாட்டமும் தூக்கமும் அதிகப் பசியும் இருக்கும், பிறகு குறையும். துடிப்பு நின்றுவிட்டதே என்று நாமாகத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். மருந்து சரக்கு எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாத ஊரில் இருக்கிறோம், ஆகவே கடைசி அட்டையைப் பிரிக்கும் வரை காத்திருக்காமல் அடுத்த மாதத்து அட்டையை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.